பெரும்படையைத் தாமதப்படுத்த ஐந்து வழிகள்: நெல்லைச் சீமைத் தலைவன் எதைத் தேர்ந்திருக்க வேண்டும்?

வரலாற்றுக் கதை எழுதுகிறவர்களும் பள்ளிப் பட்டிமன்றத்துக்குத் தயாராகிறவர்களும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கதையில் ஒரு சிறு தலைவன். தாமிரபரணிக் கரையில் அவனுக்கு ஒரு கோட்டை, மூவாயிரம் ஆட்கள். மதுரையிலிருந்து கயத்தாறு வழியாக முப்பதாயிரம் பேர் கொண்ட படை இறங்குகிறது. வெளியே வந்து மோதினால் ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே "தலைவன் காலம் கடத்தினான்" என்று எழுதிவிடுகிறார்கள். எப்படிக் கடத்தினான் என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. கணவாயை மறித்தானா? கோட்டைக் கதவை அடைத்தானா? ஊரைக் கொளுத்திவிட்டு மலையேறினானா? மோதாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தானா? தூது அனுப்பிப் பேச்சை இழுத்தானா?

இவை ஐந்தும் ஐந்து வேறு போர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் முடிவெடுத்த தலைவன் அல்லன் என்பதைத்தான் கதைகள் மறந்துவிடுகின்றன.

உதாரணங்கள் பெரும்பாலும் கிரேக்கம், ரோம், சீனம், நம் சங்க இலக்கியம் ஆகியவற்றிலிருந்து வரும். இடையிடையே பாளையக்காரர்களையும் சாட்சிக்கு அழைக்கிறேன். அவர்கள் பண்டைக் காலத்தவர் அல்லர். எதிரியின் கையில் பீரங்கி இருந்தது. ஆனாலும் அவர்கள் போரிட்ட கரிசலும் முள்காடும் மண்சுவரும் அதே நெல்லைச் சீமையுடையவை.

## முதலில் அளவுகோல்கள்

பண்டைப் படையைப் பற்றி யோசிக்கும்போது வாளை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தானியம் வேண்டும். முப்பதாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு முப்பது டன். பொதிமாடு ஒன்று நூறு கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு நாள் சாப்பாட்டுக்கு முந்நூறு மாடுகள். அந்த மாடுகளும் தின்னும். குதிரையும் யானையும் அவற்றைவிட அதிகமாகத் தின்னும். ஆகவே எந்தப் பெரும்படையும் தன் உணவை முழுவதுமாகச் சுமந்து வருவதில்லை. போகிற வழியில் பிடுங்கித் தின்றுகொண்டே போகும். நின்ற இடத்தில் ஒரு மாதம் நின்றால் சுற்று வட்டாரம் வெறுமையாகிவிடும். பெரிய படையாக இருப்பதாலேயே அதற்கு அவசரம் அதிகம். சிறிய தலைவனுக்கு இருக்கும் ஒரே பிடி இதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

- எதற்காகக் காத்திருக்கிறோம்? அறுவடையா, மழையா, நட்பு அரசனின் படையா, எதிரியின் கையிருப்பு தீர்வதா? வரவேண்டியது எதுவும் இல்லாமல் காலம் மட்டும் கடத்துவது தோல்வியைத் தவணை முறையில் வாங்குவது.
- எவ்வளவு காலம் கிடைக்கும்? நாள் கணக்கா, மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா?
- செலவை யார் தலையில் கட்டுகிறோம்?
- நம் ஆட்கள் பொறுப்பார்களா? நான்கில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் தோல்விகளில் பாதி இங்கேதான் விளைந்தவை.

## கணவாயை மறிப்பது

எல்லோருக்கும் தெரிந்த கதை தெர்மோபைலே. கி.மு. 480இல் ஸெர்க்ஸஸின் பாரசீகப் படையைக் கடலுக்கும் மலைக்கும் இடையிலான ஓர் இடுக்கில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ் மறித்தான். அவனிடம் இருந்தவர்கள் 300 ஸ்பார்ட்டர்கள் மட்டும் அல்லர். தொடக்கத்தில் கிரேக்கர்கள் மொத்தம் சுமார் 7,000 பேர். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். மூன்றாம் நாள் எஃபியால்டிஸ் என்பவன் காட்டிக்கொடுத்த மலைப்பாதை வழியாகப் பாரசீகர் பின்னால் வந்து இறங்கினார்கள்.

அந்தப் பாதைக்குக் காவல் போடப்பட்டிருந்தது என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். ஃபோசிஸ் நாட்டவர் ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். விடியும் வேளையில் எதிரியைக் கண்டதும் தங்களைத்தான் தாக்க வருகிறார்கள் என்று நினைத்து உச்சிக்கு ஏறி அணிவகுத்து நின்றார்கள். பாரசீகர் அவர்களைச் சட்டைசெய்யாமல் பக்கத்தில் நடந்து போய்விட்டார்கள். ஆள் இருந்தும் காவல் இல்லாமல் போயிற்று.

கிடைத்தது மூன்று நாள் சண்டை, அதற்கு முன் சில நாள் தயக்கம். அதே நாட்களில் ஆர்ட்டிமிசியம் கடலில் கிரேக்கக் கப்பல்கள் பாரசீகக் கடற்படையைத் தடுத்துக்கொண்டிருந்தன. கணவாய் விழுந்ததும் கப்பல்கள் பின்வாங்கி ஸலாமிஸில் வென்றன. கணவாயைத் தனியாக எடுத்துப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடலில் ஒரு கடற்படை காத்திராவிட்டால் அது வெறும் வீரச்சாவு.

நெல்லைச் சீமைக்கும் ஒரு தெர்மோபைலே உண்டு. தெற்குக் கதவான ஆரல்வாய்மொழிக் கணவாய். 1809இல் வேலுத்தம்பி தளவாயின் திருவிதாங்கூர்ப் படை அங்கே மலைக்கு மலை சுவர் எழுப்பி ஆங்கிலேயரை மறித்தது. நேரே வந்து முட்டினால் பெரும் சேதம் ஏற்பட்டிருக்கும். பிப்ரவரி 10ஆம் தேதி விடிவதற்குள் மேஜர் வெல்ஷின் ஆட்கள் தென்புற மலைச்சரிவில் இரவோடு இரவாக ஏறி, மேலிருந்து இறங்கினார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில் அதே தவறு: இடுக்கைக் காத்தவர்கள் மலையை மலையே காத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஆடு மேய்க்கிறவன் ஏறுகிற பாதையில் போர்வீரனும் ஏறுவான்.

நம் கதைத் தலைவனுக்கு இந்த வழி உதவாது. சேர நாட்டிலிருந்து ஆரியங்காவு வழியாகவோ ஆரல்வாய்மொழி வழியாகவோ எதிரி வந்தால் கணவாய் உண்டு. மதுரையிலிருந்து வருகிறவனுக்கு எதிரே என்ன இருக்கிறது? கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வரை பரந்து கிடக்கும் கரிசல் வெளி. மறிப்பதற்கு அங்கே வாசலே இல்லை. அந்த வெளியில் ஒரு கணவாயைக் கற்பனையில் எழுப்பும் கதாசிரியர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வருவது நல்லது.

## கோட்டையை அடைத்துக்கொள்வது

நம் இலக்கணம் இதற்கு நொச்சி என்று பெயரிட்டு, முற்றுகையிடுகிறவனின் உழிஞைக்கு எதிரே வைத்தது. வெளியே காவற்காடு, அதற்குள் அகழி, அதற்குள் மதில், மதிலின்மேல் கல்லெறியும் பொறிகள். இந்த அடுக்கின் நோக்கம் எதிரியைக் கொல்வதைவிட அவனுடைய ஊக்கத்தைக் கெடுப்பது. அரணின் இலக்கணம் சொல்லும் திருக்குறளும் இதையே முன்வைக்கிறது. உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பறம்புமலைப் பாரியை மூவேந்தரும் சூழ்ந்தபோது கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டை இந்தக் கோணத்தில் படித்துப்பாருங்கள். உழவர் உழாமலே அந்த மலை தரும் பொருள்கள் நான்கு என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். கேட்கிறவர்களுக்கு அது மலைவளம். முற்றுகையிட்ட மூவருக்கும் அது கையிருப்புக் கணக்கு: நீங்கள் எத்தனை நாள் இருந்தாலும் உள்ளே பசி வராது. கோட்டைக்குள்ளிருந்து காலம் கடத்தும் எவரும் முதலில் எதிரிக்குச் சொல்லவேண்டிய செய்தி அதுதான்.

மறுபக்கத்தைக் கோவூர் கிழார் பாடியிருக்கிறார். ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்கிறான், வெளியே நலங்கிள்ளி. யானைகள் குளத்தில் படியவில்லை, நெல்லுருண்டையும் நெய்யும் கிடைக்காமல் கதறுகின்றன. பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிக்கிறார்கள். அறம் உடையவன் என்றால் கோட்டையை அவனுக்குக் கொடுத்துத் திற, வீரம் உடையவன் என்றால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது வெட்கம் என்று நேருக்கு நேர் சொல்கிறார். காலம் கடத்துவதன் மீது தமிழில் உள்ள மிகக் கடுமையான விமர்சனம் இதுதான் என்பேன். நெடுங்கிள்ளியின் தவறு கோட்டையை அடைத்தது அன்று. வெளியிலிருந்து அவனுக்கு உதவி வருவதாகப் பாட்டில் எந்த அறிகுறியும் இல்லை; எதற்காகக் காத்திருந்தான் என்பதற்குப் பதில் இல்லை. விலையைக் குழந்தைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நெல்லைச் சீமைக் கோட்டைகள் மண்ணால் ஆனவை. அதை ஏளனமாக நினைக்க வேண்டாம். மண்சுவர் பீரங்கிக் குண்டை விழுங்கிக்கொள்ளும், கல்லைப்போலச் சிதறாது. 1755இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டார். மதிலை உடைக்கும் பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை, கையிருப்பும் போதவில்லை. பூலித்தேவர் ஒரு ரூபாய்கூடத் தர மறுத்துக் கதவை அடைத்துக்கொண்டார். ஹெரான் திரும்பிப்போனார். எதிரியின் கையிருப்பைக் கணக்கிட்டுக் காலம் கடத்துவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தப் பக்கத்தில் இல்லை.

1801 இன்னும் ஆச்சரியமானது. பிப்ரவரித் தொடக்கத்தில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31ஆம் தேதி மேஜர் மெக்காலேயின் தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ பெரும் படையுடனும் பெரும் பீரங்கிகளுடனும் வந்து மே 24இல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. கைமண்ணால் எழுப்பிய சுவர் ஏறத்தாழ மூன்றரை மாதம் வாங்கிக்கொடுத்தது. கோட்டை விழுந்தபோதும் ஊமைத்துரை தப்பினார். வடக்கே சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். வெளியேறும் வழியையும் போய்ச் சேரும் இடத்தையும் வைத்துக்கொண்டு அடைக்கப்பட்ட கோட்டை அது.

மறைந்திருக்கும் செலவு: தண்ணீர், கழிவு, நோய். ஆயிரக்கணக்கானவர்களும் மாடுகளும் ஒரு மதிலுக்குள் ஒரு மாதம் இருந்தால் வாளுக்கு முன்னால் வயிற்றுப்போக்கு வேலையை முடித்துவிடும். கதைகளில் இது வருவதே இல்லை.

## எரித்துவிட்டுப் பின்வாங்குவது

கி.மு. 513 அளவில் பாரசீக மன்னன் டேரியஸ் சித்தியரைத் துரத்திக்கொண்டு கருங்கடலுக்கு வடக்கே போனான். சித்தியர் மோதவில்லை. கிணறுகளைத் தூர்த்துவிட்டு, புல்லை அழித்துவிட்டு, ஒரு நாள் நடை முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். டேரியஸ் டான்யூப் ஆற்றுப் பாலத்தைக் காத்தவர்களிடம் அறுபது முடிச்சுப் போட்ட வாரைக் கொடுத்து, நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்க்கச் சொல்லியிருந்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். முடிச்சுகள் தீர்ந்தன, சித்தியர் கிடைக்கவில்லை. படை வெறுங்கையோடு திரும்பியது.

இது ஏன் பலித்தது? சித்தியர் நாடோடிகள். அவர்களுக்கு ஊர் கிடையாது; விதைத்த வயலும் நட்ட மரமும் கிடையாது. எரித்ததில் அவர்கள் இழந்தது ஒரு பருவத்துப் புல்.

இதையே உழுகிற நாட்டில் செய்துபார்த்தவன் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டு வெர்சிஞ்செடோரிக்ஸ். கி.மு. 52இல் சீசரின் படையைப் பட்டினிபோட ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்களைக் கொளுத்த வைத்தான். அவாரிக்கம் நகரின் முறை வந்தபோது அந்த மக்கள் காலில் விழுந்தார்கள். நாட்டிலேயே அழகான நகரம், நாங்களே காத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் மனமின்றி இணங்கினான். சீசர் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார். உள்ளே இருந்த நாற்பதாயிரம் பேரில் எண்ணூறு பேர் அளவிலேயே தப்பினார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்த தானியமும் ரோமப் படைக்குப் போயிற்று. பாதி எரிப்பது இப்படித்தான் முடியும்: எரித்த ஊரும் போயிற்று, எரிக்காத ஊரும் போயிற்று.

இதை முன்கூட்டியே மறுத்தவர்களும் உண்டு. கி.மு. 334இல் அலெக்சாந்தர் ஆசியாவுக்குள் நுழைந்தபோது, பயிரை எரித்துப் பின்வாங்குவோம் என்று மெம்னோன் என்ற கிரேக்கத் தளபதி பாரசீக ஆளுநர்களிடம் சொன்னான். என் ஆட்சியில் ஒரு வீடுகூட எரியக்கூடாது என்றான் அர்சிடெஸ் என்ற ஆளுநர். கிரானிக்கஸ் ஆற்றங்கரையில் மோதித் தோற்றார்கள். பின்னோக்கிப் பார்த்து அர்சிடெஸை முட்டாள் என்பது எளிது. தன் குடிகளின் வீட்டுக்குத் தீ வைக்க மறுத்த ஆளுநர்களை வரலாற்றில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

தாமிரபரணிக் கரையில் எதை எரிப்பது? நெல்வயலைக் கொளுத்தினால் ஒரு போகம் போகும். குளத்தங்கரையை உடைத்துவிட்டால்? மேட்டுக் குளம் நிறைந்து கீழ்க்குளத்துக்கு வழியும் தொடர்நீர்ப் பாசனத்தில் ஒரு கரையை உடைப்பது அதற்குக் கீழே இருக்கும் அத்தனை ஊரையும் பல ஆண்டுகளுக்குத் தண்டிப்பது. தாமிரபரணிப் பாசனத்தில் எரிப்பும் உடைப்பும் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. வடக்கே மானாவாரிக் கரிசலில் வைக்கோல் போரையும் தீவனத்தையும் அப்புறப்படுத்தி, கிணற்றின் ஏற்றத்தைக் கழற்றிக்கொண்டு போனாலே போதும். சித்தியர் செய்ததன் பெரும்பகுதி தீயே இல்லாமல் நடந்துவிடும்.

## மோதாமல் பின்தொடர்வது

கி.மு. 217இல் ட்ராசிமீன் ஏரிக்கரையில் ஒரு ரோமப் படையை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால் அழித்தபின், ரோம் ஃபேபியஸ் மாக்சிமஸைச் சர்வாதிகாரியாக்கியது. ஃபேபியஸ் ஹன்னிபாலை விட்டு விலகவும் இல்லை, மோதவும் இல்லை. குதிரைப்படை ஏறமுடியாத மேட்டில் முகாமிட்டுக்கொண்டே போனார். தீவனமும் தானியமும் தேடிப் பிரிந்து வரும் சிறு கூட்டங்களை மட்டும் அடித்தார். ஹன்னிபாலுக்கு இழந்த வீரனுக்குப் பதிலாக இன்னொருவன் எளிதில் வரமாட்டான்; ரோமுக்கு வருவான். காலம் யார் பக்கம் என்ற கேள்விக்கு அவர் சரியான விடை கண்டிருந்தார்.

ரோமர்கள் அவரை வெறுத்தார்கள். எதிரி கண்ணெதிரே ஊர் ஊராக எரித்துக்கொண்டு போக, நம் படை மலைமேல் நின்று வேடிக்கை பார்க்கிறதே என்று. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பின்னால் நடக்கும் வேலைக்காரனைப்போல ஹன்னிபாலின் பின்னால் நடக்கிறான் என்று பழித்தார்கள். ஹன்னிபால் அதைப் புரிந்துகொண்டு, சுற்றியுள்ள எல்லா நிலத்தையும் எரித்துவிட்டு ஃபேபியஸின் பண்ணையை மட்டும் தொடாமல் விட்டான். இருவரும் கூட்டு என்ற சந்தேகம் தானாக வளர்ந்தது. ஃபேபியஸ் அந்தப் பண்ணையை விற்று, அந்தப் பணத்தில் போர்க்கைதிகளை மீட்டார். தாமதப் போரில் வெல்ல நினைப்பவனுக்கு இருக்கவேண்டிய தோலின் தடிப்பு எவ்வளவு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஓர் அவமானமும் நேர்ந்தது. ஃபலேர்னம் சமவெளியில் ஹன்னிபாலை வழியடைத்து நிறுத்தியிருந்தார். ஹன்னிபால் சுமார் 2,000 எருதுகளின் கொம்பில் தீப்பந்தம் கட்டி இரவில் மலைமேல் விரட்டினான். படைதான் தப்புகிறது என்று கணவாய்க் காவலர் அந்த வெளிச்சத்தை நோக்கி ஓட, உண்மையான படை திறந்த கணவாய் வழியே போய்விட்டது. அதன்பின் துணைத்தளபதி மினூசியஸுக்கு ரோம் சம அதிகாரம் கொடுத்தது. அவன் போய் வலையில் விழுந்தான். ஃபேபியஸ் இறங்கி வந்து காப்பாற்றினார். அப்படியும் ரோமுக்குப் புத்தி வரவில்லை. அவருடைய ஆறுமாதப் பதவிக்காலம் முடிந்தது. கி.மு. 216இல் பெரும்படை திரட்டிக் கன்னே வெளியில் நேருக்கு நேர் மோதினார்கள். ஒரே நாளில் ஐம்பதாயிரம் பேர் அளவில் செத்தார்கள். அதன்பிறகுதான் ஃபேபியஸ் சொன்ன வழிக்குத் திரும்பினார்கள்.

இதே நாடகம் சீனத்தில் இன்னும் கொடூரமாக முடிந்தது. சாங்பிங்கில் ஷாவோ நாட்டுத் தளபதி லியான் போ, சின் படையை எதிர்த்து அரண்களுக்குப் பின்னால் அசையாமல் இருந்தார். அவரைச் சமாளிப்பது எளிது, விரைவில் சரணடைவார், நாங்கள் பயப்படுவது ஷாவோ குவோ என்ற இளைஞனுக்கு மட்டுமே என்று சின் ஒற்றர்கள் வதந்தி பரப்பினார்கள். ஷாவோ மன்னனுக்கும் பொறுமை போயிருந்தது; தானியமும் குறைந்துகொண்டிருந்தது. தளபதியை மாற்றினான். புதியவன் பாய்ந்தான், சூழப்பட்டான். கி.மு. 260இல் நாலு லட்சம் பேர் மாண்டதாகச் சீன வரலாறு சொல்கிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம்; ஷாவோ நாடு அதன்பின் எழுந்திருக்கவில்லை என்பது மிகையில்லை.

நெல்லைச் சீமை இந்த வழிக்காகவே செய்ததுபோல இருக்கிறது. கிழக்கே தேரிமணலும் பனங்காடும், வடக்கே உடைமுள் காடு, மேற்கே மலை. ஓடி ஒளிய இடம் உண்டு, ஊர்க்காரன் வழிகாட்டுவான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசலில் வண்டிச்சக்கரம் அச்சுவரை புதையும். குறை ஒன்றுதான்: எதிரி உங்களைத் துரத்துவதை விட்டுவிட்டு நேரே கோட்டைக்குப் போனால் என்ன செய்வது? பின்தொடரும் படை கோட்டையைக் காக்காது. ஃபேபியஸுக்கு ரோம் நகரின் கல்மதில் இருந்தது. ஹன்னிபாலிடம் முற்றுகைக்கான ஏற்பாடு இல்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் அவரால் மலைமேல் நிற்க முடிந்தது.

## பேச்சை இழுப்பது

ஐந்திலும் மலிவானது, ஆகவே ஐந்திலும் அதிகம் ஏமாற்றுவது.

பாரசீகர் போனபின் ஏதென்ஸ் தன் மதிலை மீண்டும் கட்டத் தொடங்கியது. ஸ்பார்ட்டாவுக்கு அது பிடிக்கவில்லை. தெமிஸ்டோக்ளிஸ் தானே தூதனாக ஸ்பார்ட்டா போய், உடன் வரவேண்டிய தூதர்கள் இன்னும் வரவில்லை என்று சொல்லி அவைக்குப் போகாமல் நாளைக் கழித்தார். ஊரில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் இரவுபகலாகச் சுவர் எழுப்பினார்கள். கல்லறைக் கற்களைக்கூட எடுத்துவைத்தார்கள். சந்தேகப்பட்ட ஸ்பார்ட்டர்களிடம், நீங்களே ஆள் அனுப்பிப் பாருங்கள் என்றார். போனவர்களை ஏதென்ஸ் மரியாதையோடு பிடித்துவைத்துக்கொண்டது. சுவர் தேவையான உயரம் வந்ததும் உண்மையைச் சொன்னார். இதில் பேச்சு திரை. திரைக்குப் பின்னால் வேலை நடந்தது.

திரைக்குப் பின்னால் வேலை நடக்காவிட்டால்? 1799இல் மேஜர் பானர்மேன், வீரபாண்டிய கட்டபொம்மனைச் செப்டம்பர் 4ஆம் தேதி பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னார். அவர் போகவில்லை. மறுநாளே படை பாஞ்சாலங்குறிச்சி வாசலில் நின்றது. சரணடையச் சொல்லும் தூதனாக உள்ளே அனுப்பப்பட்ட இராமலிங்க முதலியார், திரும்பும்போது கோட்டையின் நிலையையும் பார்த்துக்கொண்டு போனார். தூதுக்கு இரண்டு பக்கமும் கண் உண்டு. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு.

பேச்சை இழுக்கிறவன் எதிரியின் பொறுமையைச் சரியாக எடைபோட வேண்டும். கூடவே தன் ஆட்களின் மனத்தையும். தலைவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தி பக்கத்துத் தலைவர்களுக்குப் போனால், அவர்கள் தனித்தனியே எதிரியிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | கிடைக்கும் காலம் | விலை கொடுப்பவர் | எப்போது ஏற்றது |
|---|---|---|---|
| கணவாய் | சில நாட்கள் | மறித்து நிற்பவர்கள் | பின்னால் இன்னொரு படை தயாராகும்போது. மலைப்பாதை முழுதும் தெரிந்தால் |
| கோட்டை | வாரங்கள் முதல் மாதங்கள் | உள்ளே உள்ள குடிகள், குழந்தைகள் | தானியமும் தண்ணீரும் இருந்து, உதவி வருவது உறுதியானால் |
| எரிப்பு | ஒரு பருவம் | உழவர்கள், பல ஆண்டுகளுக்கு | முழுமையாகச் செய்ய முடிந்தால். பாசன நிலத்தில் வேண்டாம் |
| பின்தொடர்தல் | ஆண்டுகள் | எதிரியின் வழியில் உள்ள ஊர்கள், தலைவனின் பெயர் | காடும் மேடும் நம்முடையதானால். கோட்டை தானே நிற்குமானால் |
| பேச்சு | நாட்கள், அதிர்ஷ்டமிருந்தால் மாதம் | தொடக்கத்தில் யாருமில்லை. பிறகு எல்லோரும் | மறைவில் ஒரு வேலை நடக்கும்போது மட்டும் |

## மாதத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்

கதை எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: எதிரி எந்த மாதம் வருகிறான்?

சித்திரையில் வந்தால் தலைவனுக்கு நல்ல காலம். பிசான நெல் (மழைக்காலத்தில் நட்டு மாசி, பங்குனியில் அறுக்கும் போகம்) அறுத்துக் களஞ்சியத்தில் சேர்ந்தாயிற்று. வயல் வெறும் தரை, கரிசல் வெடித்துக் கிடக்கிறது, குளங்கள் வற்றுகின்றன. எதிரிக்கு வெளியில் தின்னவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கோட்டையை அடைத்துக்கொண்டு, ஐந்நூறு பேரை வெளியே விட்டுத் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் வரும் கூட்டங்களை அடிக்கவைக்கலாம். கோட்டையும் பின்தொடர்தலும் ஒன்றுக்கொன்று துணை; ஊமைத்துரைக்கு வாய்த்த காலமும் ஏறத்தாழ அதுதான்.

ஆவணியில் வந்தால் கார்ப்பயிர் வயலில் நிற்கிறது. புரட்டாசியில் அறுக்கவேண்டும். ஐப்பசி பிறந்தால் மழை. ஆக வேண்டியது இரண்டு மாதம்: முதல் மாதம் அறுப்பதற்கு, அடுத்த மாதம் வானம் கறுப்பதற்கு. இங்கே பேச்சு பயன்படும். தூதன் வடக்கே கயத்தாற்றில் உட்கார்ந்து பேசட்டும். தெற்கே கதிர் அறுபடட்டும். பேச்சு முறிந்ததும் கோட்டை.

மாசியில் வருகிறான் என்றால் நிலைமை மோசம். பிசானம் முற்றி நிற்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கிறது. அடுத்த பல மாதங்களுக்குப் பெருமழை இல்லை. காலம் முழுக்க அவன் பக்கம். அவனுடைய படை உங்கள் வயலில் தின்றுகொண்டு உங்கள் கோட்டையைச் சுற்றி நிற்கும். இந்த ஒரு சூழலில் காலம் கடத்தாதீர்கள் என்பேன். அவன் கரிசலைத் தாண்டுவதற்குள் இரவில் போய் அவனுடைய பொதிமாடுகளைக் கலைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கிடைக்கும் நிபந்தனையில் சமாதானம். கதைக்கு அது அழகாக இராதுதான். மாசியில் கோட்டையை அடைத்தவனுக்கு ஆவூர் நிலைமைதான் வரும்.

பட்டிமன்றத்தில் ஃபேபியஸ் அணியில் பேசப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணி நிச்சயம் கேட்கும்: போரை முடித்தது ஃபேபியஸா, ஆப்பிரிக்காவுக்குப் படையெடுத்துக் கி.மு. 202இல் ஸாமாவில் வென்ற ஸ்கிப்பியோவா? ஸ்கிப்பியோதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கப் படையெடுப்பே வேண்டாமென்று ஃபேபியஸ் எதிர்த்தார் என்பதையும் எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: கன்னேக்குப் பின் ரோம் இன்னொரு கன்னேயைத் தேடிப் போயிருந்தால், ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற ஸ்கிப்பியோவிடம் ஆள் ஏது?